நீலக் கிளிப் இறங்கிய பக்கம்

"நான் மறுபடியும் நேரா நிக்கணும்னு உனக்கு ஆசை இருக்கா, இல்லையா?" என்று அக்கா கேட்டாள்.

ஒரே ஒரு சொல் போதும். அதை என்னால் சொல்ல முடியவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடினேன். அந்தக் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அது எப்படி வந்தது என்று புரிய, முதலில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அப்பா இறந்த வருடம் அவளுக்குப் பதினெட்டு. அந்த மாதமே சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். விடுதிகளின் படுக்கை விரிப்புகள், மருத்துவமனைச் சீருடைகள், அலுவலகக்காரர்களின் பேண்ட் சட்டைகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பெரிய கூடம் அது. அவளுக்குக் கொடுத்தது நீராவி அழுத்தும் இயந்திரம். மெத்தை போட்ட கீழ்ப்பலகையில் பேண்ட்டை விரிக்க வேண்டும். வலது காலால் பெடலை மிதித்தால் சூடான மேல்பலகை இறங்கும், புஸ்ஸென்று ஆவி கிளம்பும். காலை எடுத்தால் பலகை ஏறிக்கொள்ளும். அவ்வளவுதான் வேலை. ஆனால் வலது கால் பெடலிலேயே இருப்பதால் நாள் முழுக்க உடம்பு நிற்பது இடது காலில் மட்டும்தான். அங்கே எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். அக்கா ஒன்பது வருடம் அப்படி நின்றாள்.

அவள் அழுத்திய பேண்ட்டின் மடிப்புக்கோடு இடுப்பிலிருந்து கீழ் விளிம்புவரை ஒரு நூல்கூட விலகாது. அதனால் கூடத்தில் அவளுக்குப் பெயரே கோடு. "கோடு வந்தாச்சா?", "இதைக் கோட்டுக்கிட்ட குடு" என்றுதான் பேசுவார்கள்.

எனக்கு அப்படி ஒரு பட்டப்பெயர்கூடக் கிடையாது. பள்ளியில் நான் "அவளோட தங்கச்சி". அக்கா படித்துவிட்டுப் போன வகுப்பறைகளில் ஆசிரியைகள் என் நோட்டைப் புரட்டி, "உங்க அக்கா கையெழுத்து எப்படி இருக்கும் தெரியுமா" என்பார்கள். வீட்டில் ஜன்னலோரக் கட்டில் அவளுக்கு. வேலைக்குப் போகிறவள் காற்றாகத் தூங்க வேண்டுமாம். புதுத் துணி அவளுக்கு, அவள் போட்டு முடித்தது எனக்கு. அம்மா என்னைத் திட்ட வேண்டுமானால் புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம். "அவளப் பாரு" என்றால் முடிந்தது.

நான் பள்ளி முடித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மதிப்பெண் சுமார். எட்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன், ஒரு இடத்திலிருந்தும் பதில் இல்லை. வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். "இப்படி நடந்தா தரை தேஞ்சிடும்" என்று அம்மா சொல்வாள்.

அப்படி இருந்தபோதுதான் அக்காவுக்கு வலி வந்தது. ஒரு நாள் காலை, ஈரத் துணிக் கூடையைத் தூக்கக் குனிந்தவள் இயந்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாளாம். வலி முதுகுக்கும் பிட்டத்துக்கும் நடுவே, இடது பக்கம். விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே ஒரு இடம். அன்றிலிருந்து கட்டிலில் புரண்டு படுக்கக்கூட அவளுக்கு ஆள் வேண்டியிருந்தது.

வீடே அவளைச் சுற்ற ஆரம்பித்தது. அம்மா மணிக்கொரு முறை வெந்நீர்ப் பை வைத்தாள். பக்கத்து வீட்டு அத்தை பழம் கொண்டு வந்தார். கூடத்திலிருந்து நான்கு பேர் ஒன்றாகப் பார்க்க வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தேன். வலிகூட அவளுக்கு வந்தால்தான் மதிப்பு என்று தோன்றியது. எனக்குப் பல்வலி வந்தபோது உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னதோடு சரி.

பிசியோதெரபி நிலையத்துக்கு அவளை நான்தான் கூட்டிப் போனேன். திரைபோட்ட இரண்டு கட்டில்கள், சுவரில் எலும்புக்கூட்டின் படம். பிசியோ மெலிந்த மனிதர். நிதானமாகப் பேசினார். இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் சேருகிற மூட்டில்தான் பிரச்சினை என்று படத்தில் காட்டினார். பிறகு அக்காவை மல்லாக்கப் படுக்கவைத்து, இடது காலை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்கச் சொன்னார். அவளால் நான்கு விரல்கூடத் தூக்க முடியவில்லை. அவர் இரண்டு பக்க இடுப்பையும் உள்ளங்கையால் உள்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்பத் தூக்குங்க" என்றார். கால் எழும்பியது.

"எப்படி இருக்கு?"

"யாரோ கீழேருந்து தாங்குற மாதிரி இருக்கு சார்."

"அந்தத் தாங்குற வேலைய உங்க தசை செய்யணும். ரெண்டு கால்ல ஒண்ணு சரியாத் தாங்கல. எதுன்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது. வலி இவ்வளவு இருக்கும்போது நல்ல காலும் பயந்து விட்டுக்கொடுத்துடும்."

"வலிக்கிற கால்தானே சார்?" என்று நான் கேட்டேன்.

"அப்படின்னு எடுத்துக்கக் கூடாது. ஒரு பக்கம் சோம்பேறியா இருந்தா இன்னொரு பக்கம் எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்கிட்டு வலிக்கும். வீட்டுலயும் அப்படித்தானே?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். விளையாட்டாகச் சொன்னதுதான். எனக்குச் சுருக்கென்றது.

ஒரு வாரம் ஓய்வு. அதன் பிறகு வலி குறைந்த ஒரு நாளில் வீட்டிலேயே சோதனை செய்ய வேண்டும். எந்தக் கால் பலவீனம் என்று பார்த்து, பயிற்சிகளை இரண்டு காலுக்கும் பத்துப் பத்து முறையும், பலவீனமான காலுக்குக் கூடுதலாக இன்னொரு இருபது முறையும் செய்ய வேண்டும். நான்கு வாரம் கழித்து அவர் மறுபடி பார்ப்பார். எல்லாவற்றையும் ஒரு தாளில் அச்சடித்து என் கையில் கொடுத்தார். "செய்யறவங்களுக்குத் தன் இடுப்பு தெரியாது. நீதான் எதிர்ல நின்னு பாக்கணும். படிச்சுட்டுச் செய்ம்மா" என்றார்.

சலவைக்கூடம் ஆறு வாரம் விடுப்புக் கொடுத்தது. ஆறாவது வாரம் முடிந்த திங்கட்கிழமை அக்கா வந்து இயந்திரத்தில் நிற்க வேண்டும். நிற்க முடியாவிட்டால் அவளைத் துணி மடிக்கும் மேசைக்கு மாற்றிவிடுவார்கள், இயந்திரம் வேறு ஆளுக்குப் போய்விடும். மடிக்கும் மேசைக்குப் போவது பெரிய அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் கோடு என்ற பெயர் மேசையில் நிற்காது. அக்காவுக்கு அது தெரியும்.

எட்டாம் நாள் சோதனை வைத்தோம். தாளை நான் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன். முதல் சோதனை நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலால் எழுந்திருப்பது. முடிந்தவரை எண்ண வேண்டும். அக்கா வலது காலால் எட்டு முறை எழுந்தாள். இடது காலாலும் எட்டு முறை எழுந்து, நிறுத்திக்கொண்டாள்.

"இன்னும் முடியும் போலிருக்கே, நிறுத்திட்டே?"

"ரெண்டும் எட்டு. சமமா இருக்கட்டும்."

"சமமா இருக்கான்னு பாக்கத்தான்டீ சோதனையே" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்.

"ஒண்ணு கூட, ஒண்ணு குறைச்சல்னு விட்டா எனக்குத் தூக்கம் வராதும்மா."

கோடு அப்படித்தான். பேண்ட்டின் இரண்டு கால்களும் ஒரே நீளத்தில் தொங்காவிட்டால் கீழே வைக்க மாட்டாள். தன் கால்களையும் அப்படியே நடத்தினாள். ஆக, முதல் சோதனை வீண்.

இரண்டாவது சோதனை ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்பது. எதிரே இருப்பவர் இடுப்பு ஒரு பக்கம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவள் பேண்ட்டின் இடுப்பு விளிம்பில் வலது பக்கம் சிவப்புத் துணிக் கிளிப்பும் இடது பக்கம் நீலக் கிளிப்பும் மாட்டினேன். இந்த யோசனை என்னுடையது. எனக்கே பெருமையாக இருந்தது.

இடது காலில் நின்றாள். பத்து வரை இரண்டு கிளிப்பும் அசையவில்லை. வலது காலில் நின்றாள். நான்கு எண்ணுவதற்குள் நீலக் கிளிப் கீழே சரிய ஆரம்பித்தது, ஆறில் இரண்டு விரல் அளவு இறங்கிவிட்டது.

"என்னடீ?" என்றாள் அக்கா, அசையாமல்.

"நீலம் இறங்குது. இடது பக்கம்."

"வலிக்கிற பக்கம்தானே. நான் அப்பவே நெனச்சேன்."

நோட்டில் எழுதினேன்: இடது பலவீனம். அன்றிலிருந்து இடது காலுக்குக் கூடுதலாக இருபது.

இரண்டு நாள் கழித்து கூடத்தின் பெண் மேற்பார்வையாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இயந்திரம் சும்மா நிற்கிறது, மூட்டைகள் தேங்குகின்றன என்றார். "உங்க சின்னவ வீட்ல தானே இருக்கா? அக்கா வர்ற வரைக்கும் அனுப்புங்க."

அக்கா கட்டிலில் இருந்தபடியே சொன்னாள்: "அவளுக்குப் பொறுமை கிடையாது மேடம். துணியக் கருக்கிடுவா."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் மறுநாள் போனேன்.

முதல் வாரம் கொடுமை. பலகையை இறக்கினால் பேண்ட்டில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு விழும். கொதிகலன் பார்க்கும் பெரியவரை எல்லோரும் நீராவி என்று கூப்பிடுவார்கள். அவர் என் பேண்ட் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "என்னம்மா, ரயில் தண்டவாளம் போட்டிருக்கே" என்றார். கூடமே சிரித்தது. "கோடு இருந்தா இந்நேரம் மூட்டை காலியாயிருக்கும்" என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பள்ளியிலிருந்து தப்பித்து மறுபடி அதே பள்ளிக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது வாரம் கை பழகியது. தையலோடு தையலைச் சேர்த்து விரித்து, ஒரு நொடி உள்ளங்கையால் தடவி, பிறகு மிதிக்க வேண்டும். அந்த ஒரு நொடிதான் ரகசியம். அந்த வாரக் கடைசியில் மணிக்கு முப்பது பேண்ட் போட்டேன். அக்காவின் கணக்கும் அதுதான். நீராவி என் பேண்ட் ஒன்றை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தார். ஒன்றும் சொல்லாததுதான் அவரிடம் பெரிய பாராட்டு.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்பாள்: "இன்னைக்கு மணிக்கு எத்தனை?" நான் இரண்டு மூன்று கூட்டியே சொல்வேன்.

அவளுக்கோ வலி குறைந்தபாடில்லை. முதலில் கொஞ்சம் தேறினாள், பிறகு மறுபடி ஏறிக்கொண்டது. அதே இடது பக்கம், அதே ஒரே இடம். பயிற்சி செய்யச் செய்ய அதிகமாகிறது என்றாள். "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்று அம்மா ஆறுதல் சொன்னாள்.

நான் வேலைக்குப் போன இரண்டாவது வாரத்தின் கடைசி நாள் அது. தண்ணீர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். காந்தம் நழுவி, தாள் தரையில் குப்புற விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். அதன் பின்பக்கத்திலும் எழுத்து இருந்தது.

ஒட்டிவைத்த நாளிலிருந்து நான் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. அங்கே ஒரு படமும் இரண்டு வரிகளும் இருந்தன. ஒற்றைக் காலில் நிற்கும்போது தூக்கிய காலின் பக்கத்து இடுப்பு கீழே இறங்கினால், பலவீனம் நிற்கிற காலில்தான். நிற்கிற காலின் பக்கத்துத் தசைதான் மறுபக்க இடுப்பை மேலே பிடித்து வைக்க வேண்டும்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீலக் கிளிப் இறங்கியபோது அக்கா நின்றது வலது காலில். பலவீனமானது வலது கால். ஒன்பது வருடம் பெடல் மிதித்ததே தவிர, உடம்பைத் தாங்கவே தாங்காத கால். எல்லாவற்றையும் சுமந்து சுமந்து வலிப்பது இடது. அந்த இடதுக்குத்தான் நான் தினமும் இருபது கூட்டிக்கொண்டிருந்தேன்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து அறையில்தான் இருந்தாள். அவள் எண்ணுகிற சத்தம் கேட்டது, பதினாறு, பதினேழு. நான் எழுந்து தாளைப் பழையபடி ஒட்டினேன். முன்பு ஒரு காந்தம் வைத்திருந்தேன். இப்போது நான்கு மூலைக்கும் நான்கு வைத்தேன்.

அன்று நான் நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவள் குணமானால் இயந்திரம் அவளுடையது. நான் மறுபடி வாசலுக்கும் வீட்டுக்கும் நடக்க வேண்டும். பிறந்ததிலிருந்து முதல் முறையாக அவள் செய்த ஒன்றை நானும் அவள் அளவுக்குச் செய்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே, சும்மா இருக்கிறேன், அவ்வளவுதான். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது நாள் சும்மா இருந்தேன்.

ஒன்பதாம் நாள் மாலை, வேலை முடிகிற நேரத்தில் மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். "உங்க அக்கா நிலைமை எனக்கு நம்பிக்கையா தெரியல. அவ வரலன்னா இடம் உனக்குத்தான். மேல சொல்லிட்டேன்" என்றார். பக்கத்தில் பொத்தான் தைக்கிற பெண் நின்றுகொண்டிருந்தாள். "அப்ப இனிமே இவதான் கோடு" என்றாள். நான் வீட்டுக்குப் பறந்து வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டில் அக்கா தாழ்வான முக்காலி ஒன்றில் இடது காலை வைத்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். சுவரை ஒரு கையால் பிடித்திருந்தாள். முகம் வேர்த்து, உதட்டைக் கடித்திருந்தாள்.

"எத்தனை?" என்று நான் கேட்டேன். வழக்கமாக அவள் என்னைக் கேட்கிற கேள்வி.

"முப்பத்தாறு. இன்னைலேருந்து நாப்பது செய்யலாம்னு இருக்கேன்."

"கூடுதலா இருபதுதானே சொன்னாரு?"

"இருபது போதல போல. வலி போகலன்னா நான்தான் சரியாச் செய்யல. நீ நல்லாப் பாத்துத்தானே எழுதினே." இறங்கி, மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "அந்தக் கிளிப் போட்டியே, அதைக் கூடத்துக்காரங்ககிட்டகூடச் சொன்னேன். என் தங்கச்சிக்கு மூளை அதிகம்னு."

என்னைப் பற்றி அவள் வெளியே பெருமையாகப் பேசியது அதுதான் எனக்குத் தெரிந்து முதல் முறை. நான் எதற்காக வாழ்நாள் முழுக்க வயிறெரிந்தேனோ அது கிடைத்துவிட்டது. கிடைத்த இடம் இப்படி இருந்தது. நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். தலைவலி என்றேன்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தாளைக் கதவிலிருந்து எடுத்து, பின்பக்கம் திருப்பி அவள் கையில் கொடுத்தேன். படித்தாள். படத்தைப் பார்த்தாள். எழுந்து வலது காலில் நின்று, தன் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துப் பார்த்தாள்.

"எப்பப் பாத்தே இதை?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "பத்து நாளாச்சு" என்றேன்.

அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் நேராக நிற்க வேண்டும் என்று உனக்கு ஆசை இருக்கிறதா, இல்லையா என்று. சத்தம் போடாமல்தான் கேட்டாள். அம்மா கையில் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். நான் ஓடிவிட்டேன்.

அன்று நான் போட்ட பேண்ட் எல்லாம் தண்டவாளம். நீராவி என்னைக் கேலி செய்யவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று மட்டும் கேட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

மாலை வீடு திரும்பியபோது வாசலிலேயே தயங்கி நின்றேன். உள்ளேயிருந்து அக்காவின் குரல்: "செருப்பக் கழட்டிட்டு உள்ள வா. கிளிப்ப எடு."

மறுபடியும் சோதனை வைத்தோம். இந்த முறை அம்மாவும் பக்கத்தில் நின்று பார்த்தாள். நாற்காலியில் அக்கா நிறுத்திக்கொள்ளாமல் முடிகிறவரை எழுந்தாள். இடது காலால் பதினொன்று, வலது காலால் ஐந்து. மூன்று வாரத்துக்கு முன் அவள் எட்டோடு எட்டு என்று சமப்படுத்தாமல் இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

"அன்னைக்கு வலது கால்ல எட்டாவது தடவ எழுந்திருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். நாற்காலியக் கையால தள்ளித்தான் எழுந்தேன். நீ நோட்டப் பாத்துட்டிருந்தே."

"அப்ப ஏன் சொல்லல?"

"உன் முன்னாடியா? ஒரு கால் நொண்டின்னு?"

அம்மா, "ரெண்டும் நல்லா வந்து வாய்ச்சுது எனக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கிளிப்புகளைக் கழற்றினாள். என்னைப் பார்க்காமலே பேசினாள். "நீ சாயங்காலம் வந்து இறங்குறப்போ உன்கிட்ட அந்த ஆவி வாசனை அடிக்கும். எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். எத்தனைன்னு கேப்பேன், நீ முப்பத்திரண்டும்பே. நீ போடற துணி கருகிப் போகட்டும்னு நெனப்பேன். தினமும் நெனச்சேன்."

"நான் கூட்டிக் கூட்டித்தான் சொன்னேன்."

"தெரியும். அந்த மிஷின் முப்பத்திரண்டு போடாது. ஒன்பது வருஷம் அதோட குடித்தனம் பண்ணியிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவள் என்னை மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. அடுத்த நான்கு நாட்கள் வேலைக்காரரிடம் பேசுவதுபோல்தான் பேசினாள். "அதை எடு", "எண்ணு", "போதும்". பயிற்சியில் மட்டும் என்னைப் பார்க்கவைத்தாள். எண்ணிக்கையை நான் சொல்ல, அம்மா நோட்டில் எழுதினாள்.

பிசியோவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது நாளையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். தன் மேசையிலிருந்து பேனாவை எடுத்து, தாளின் முன்பக்கத்தில் கீழே பெரிய எழுத்தில் "பின்பக்கம் பார்க்கவும்" என்று எழுதினார். "முதல்லயே எழுதியிருக்கணும். ரொம்பப் பேர் இறங்குற பக்கம்தான் பலவீனம்னு நெனச்சுடறாங்க" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "வலதுக்கு இப்பத்தான் வேலை ஆரம்பிச்சிருக்கு. நீங்க சொல்ற திங்கட்கிழமைக்குத் தாங்காது. அதுக்கப்புறமும் மூணு வாரமாவது வேணும். இடதுக்குக் கொஞ்ச நாள் லீவு விடுங்க" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை இரண்டு பேரும் ஒரே பேருந்தில் கூடத்துக்குப் போனோம். அக்கா மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்று, பிசியோவின் கடிதத்தைக் கொடுத்தாள். அவர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மூணு வாரம் மிஷின காலியா வைக்க முடியாதும்மா. உன் தங்கச்சி நல்லாத்தான் போடறா. அவளையே வச்சுக்கறேன். உனக்கு மடிக்கிற மேசை."

அக்கா இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ மேல்பலகையில் துண்டு ஒன்றைப் போட்டிருந்தார்கள். அவள் போய் அதை எடுத்து மடித்து வைத்தாள்.

இதுதான் நான் ஆசைப்பட்டது. தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். கை நீட்ட வேண்டியதுகூட இல்லை, வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். சும்மா இருப்பது எனக்குப் பழகிய வேலைதான்.

"மூணு வாரம் நான் நிக்கறேன் மேடம்" என்றேன். "அப்புறம் அக்கா நிப்பா. அவ இடம். எனக்கு மேசை இருந்தா குடுங்க."

"யோசிச்சுச் சொல்லு. இந்த மாதிரி மறுபடி கேக்க மாட்டேன்."

"யோசிச்சா வேற மாதிரி சொல்லிடுவேன் மேடம்."

நீராவி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "ரெண்டு கோடு இருக்கட்டுமே, என்ன கெட்டுப்போச்சு" என்றார். மேற்பார்வையாளர் அவரை முறைத்தார். ஆனால் சரி என்றார், அக்காவின் விடுப்பை மூன்று வாரம் நீட்டினார்.

நான் பெரிய மனதோடு சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். சொல்லும்போதே வயிறு எரிந்தது. மூன்று வாரமும் ஒவ்வொரு பேண்ட்டையும் எண்ணிக்கொண்டே போட்டேன், இன்னும் இத்தனை நாள்தான் என்று.

அக்கா வலது காலில் பத்து எண்ணும்வரை இடுப்பு அசையாமல் நின்ற நாளன்று நான் கைதட்டவில்லை, பத்து என்று மட்டும் சொல்லி அம்மாவை நோட்டில் எழுதவைத்தேன். அவளுடைய கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்ததும் அன்றுதான். ஆசை இருந்தது. பொறாமையும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பொறாமை இருப்பதால் ஆசை பொய் என்று நினைத்துத்தான் அன்று காலை ஓடினேன். அவளிடம் இதைச் சொன்னேன். "இவ்வளவு நாளாச்சா யோசிக்க?" என்றாள். பிறகு, "எனக்கும் அதேதான்" என்றாள்.

அக்கா திரும்பி வந்ததும் முதல் வேலையாக நீராவியைக் கூப்பிட்டாள். பெடலோடு ஒரு நீளமான இரும்புத் தகட்டைச் சேர்த்துப் பொருத்தவைத்தாள். இப்போது எந்தக் காலாலும் மிதிக்கலாம். அரை மணிக்கு ஒரு முறை கால் மாற்றுகிறாள். முதல் வாரம் வலது காலில் நின்று போட்ட பேண்ட்களில் கோடு கோணலாக விழுந்தது. மேசையில் அவற்றை மடிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் நேராகிவிட்டது. மற்ற இயந்திரங்களில் நிற்கும் மூன்று பேரும் நீராவியிடம் தகடு கேட்டிருக்கிறார்கள்.

வலி முழுக்கப் போகவில்லை. மழை நாளில், அதிக மூட்டை வந்த நாளில் எட்டிப் பார்க்கிறது. நான் மடிக்கும் மேசையில் நிற்கிறேன். அங்கிருந்து பார்த்தால் அக்காவின் முதுகு தெரியும். பொறாமை வருகிற நாளில் இப்போதெல்லாம் வாயால் சொல்லிவிடுகிறேன். "இன்னைக்கு உன்ன பாத்தா பத்திக்கிட்டு வருது" என்பேன். "வரட்டும், வரிசையில நில்லு" என்பாள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்த யாராவது நாள் முழுக்க ஒரே காலில் பாரம் போட்டு நிற்கிறவராக இருந்தால், அவரிடம் அக்காவின் கதையைச் சொல்லுங்கள். அவரோடு பிறந்தவர் யாராவது வீட்டில் சும்மா நடந்துகொண்டிருந்தால், அவரிடம் என் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.